வீட்டில் இலக்கியம் பயிலும் சிறார்க்கு ஏற்ற உரைநூல் எது?

தமிழ் இலக்கியத்தைப் பிள்ளைகள் பள்ளியில் மட்டுமே கற்பர் என்பது இன்று முழு உண்மையன்று. சிலாங்கூரின் வடபால் பத்தாங் காலி, செரண்டா, கோல குபு பாரு முதலிய ஊர்களிலும், மேற்கே கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களிலும் வீட்டுக் கூடமே வகுப்பறையாகும் குடும்பங்கள் உண்டு. தேசியப் பள்ளியில் பயின்று, அங்குத் தமிழ் வகுப்பு அமையாமையால் வீட்டில் தமிழ் கற்போர் ஒரு சாரார். தமிழ்ப் பள்ளியில் பயின்றும், மாலை வேளையில் பெற்றோர் துணையால் மேலும் கற்போர் மற்றொரு சாரார். அரசின் இசைவோடு வீட்டிலேயே முழுக் கல்வியும் பெறுவோர் மிகச் சிலர். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2002இல் திருத்தப்பெற்று, 2003 தொடங்கித் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. ஆதலின், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டில் கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சின் விலக்கை முன்னரே பெறுதல் வேண்டும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது எல்லா வீடுகளும் சில காலம் பள்ளிகளாயின. புத்தகத்தைக் கையில் எடுத்துப் பிள்ளையின் அருகில் அமர்ந்த பெற்றோர் பலர், பாட்டின் பொருளைச் சொல்லத் தமக்கே ஒரு துணை வேண்டும் என்பதை அப்போது உணர்ந்தனர். அதற்கு அடுத்த ஆண்டில் மற்றொரு மாறுதலும் வந்தது. 1988 முதல் 2019 வரை நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதுவரை துணைநூல் வாங்குவோர்க்கு ஓர் எளிய அளவுகோல் இருந்தது. தேர்வில் எந்த வினா வரும் என்று காட்டும் நூலே நல்ல நூல் எனப்பட்டது. தேர்வு போயிற்று, அவ்வளவுகோலும் போயிற்று. இனி எந்த அளவுகோலைக் கொண்டு நூலைத் தேர்வது?

இவ்வினாவோடு பிறிதொன்றும் பிணைந்துள்ளது. தோட்டப்புறத்துத் தமிழ்ப் பிள்ளைகள் யாவரும் ஒரே சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். இந்து சமயத்தார் மிகுதியெனினும் கிறித்தவ வீடுகளும் இசுலாமிய வீடுகளும் உண்டு. எச்சமயத்தையும் சாராது வாழ்வோரும் உண்டு. நீதி நூல்களும் பழைய காப்பியங்களும் பெரும்பாலும் கடவுள் வாழ்த்தோடு தொடங்குவன. அவற்றை எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கற்பிக்கும் உரைநூல் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

உரை என்னும் பழந்துணை

பாட நூலுக்குத் துணைநூல் தேடுவது இக்காலத்து வழக்கம் என்று எண்ணுவது தவறு. தமிழில் நூல் தோன்றிய பின் உரை தோன்றிற்று. உரை தோன்றியதும் அதற்கு இலக்கணமும் வகுக்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நன்னூலில், பவணந்தி முனிவர் உரையைக் காண்டிகையுரை, விருத்தியுரை என இருவகையாகப் பிரிக்கிறார். விருத்தியுரை நுணுகி விரித்துரைப்பது, கற்றறிந்தோர்க்கு உரியது. காண்டிகையுரை சுருங்கிய அளவில் பொருளைத் தெளிவாக்குவது, தொடக்கத்தார்க்கு உரியது.

காண்டிகையுரைக்கு வேண்டிய உறுப்புகளாக நன்னூல் சொல்வன ஐந்து. பாட்டின் கருத்து, சொற்களின் பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்பன அவை. பத்து வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள சிறார்க்கு எழுதப்படும் நூல் இவ்வைந்தையும் கொண்டிருப்பின் அதுவே நிறைவுடைய துணைநூல். கடைகளில் கிடைக்கும் நூல்களை இவ்வைந்தோடு ஒப்பிட்டால் குறை எங்கே என்பது எளிதில் விளங்கும். சிலவற்றில் கருத்து மட்டும் இருக்கும், சொற்பொருள் இராது. பலவற்றில் வினாவும் விடையும் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டு ஒன்றும் இராது. எடுத்துக்காட்டில்லாத உரை, கருத்தைப் பிள்ளையின் வாழ்க்கையோடு இணைப்பதில்லை. விடையை வினாவின் அடியிலேயே தரும் உரை, பிள்ளையைச் சிந்திக்க விடுவதில்லை.

சமயமும் இலக்கியமும்

அடுத்து, உரைநூலில் சமயத்திற்கு இடம் யாது என்பதைக் காண வேண்டும். மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தம் சமயம் அல்லாத வேறொரு சமயத்தின் போதனையைப் பெறவோ, அதன் வழிபாட்டிலோ சடங்கிலோ கலந்துகொள்ளவோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் சமயத்தை முடிவு செய்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்றும் அப்பிரிவே கூறுகிறது. பள்ளிகளில் முசுலிம் மாணவர்க்கு இசுலாமியக் கல்வியும், பிறர்க்கு நன்னெறிக் கல்வியும் தனிப் பாடங்களாக உள்ளன. ஆகவே தமிழ் இலக்கிய வகுப்பு சமய வகுப்பு ஆகாது. அதற்குரிய உரைநூலும் சமய நூல் ஆகாது.

ஆயின், சமயச் சார்பற்ற உரைநூல் என்பது சமயச் சொற்களையெல்லாம் வெட்டி எறிந்த நூலா? அன்று. அவ்வாறு வெட்டத் தொடங்கினால் தமிழ் இலக்கியத்தில் எஞ்சுவது சிறிதே. திருக்குறளின் முதல் அதிகாரத்தை நீக்கினால் 133 அதிகாரங்கள் 132 ஆகும்; நூல் மழையைப் போற்றும் அதிகாரத்திலிருந்து தொடங்குவதாகப் பிள்ளை எண்ணும். மணிமேகலையிலிருந்து பௌத்தத்தையும், சீவக சிந்தாமணியிலிருந்து சமணத்தையும், தேம்பாவணியிலிருந்து கிறித்தவத்தையும், சீறாப்புராணத்திலிருந்து இசுலாத்தையும் நீக்கினால் அந்நூல்களே இல்லையாகும். தமிழ் இலக்கியத்தின் பெருமைகளுள் ஒன்று, அது எல்லாச் சமயத்தாரும் கூடிக் கட்டிய மாளிகை என்பது. அதனைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பது பொதுமை ஆகாது. குறைத்துக் காட்டுதலே ஆகும்.

வெட்டாமலும் திணிக்காமலும் கற்பிப்பது எவ்வாறு? இதற்கு வழி தமிழாசிரியர் மரபிலேயே உண்டு. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். அந்நூலுக்கு விருத்தியுரை கண்ட சங்கர நமச்சிவாயர் சைவர். அவ்வுரையைத் திருத்தி விளக்கிய சிவஞான முனிவரும் சைவத் துறவி. ஆசிரியரின் சமயம் வேறு என்பதால் அவர்கள் நூலை ஒதுக்கவில்லை.

இதனினும் தெளிவான சான்று உ. வே. சாமிநாதையர் வாழ்வில் உள்ளது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டுச் சைவ நூல்களில் ஆழ்ந்து தோய்ந்த அவர், 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார். அவ்வாண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டச் சீவக சிந்தாமணியைக் கற்கத் தொடங்கினார். நூலில் வந்த சமணச் சொற்கள் விளங்கவில்லை. தாமே ஒரு பொருளைக் கற்பித்துக்கொள்ள அவர் முற்படவில்லை. அவ்வூரில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். அந்நூலை அவர்கள் எவ்வாறு போற்றிப் படிக்கின்றனர் என்பதையும் கண்டார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. ஐயர் சமணர் ஆகவில்லை. சமண நூலைச் சைவ நூலாக மாற்றவும் இல்லை. நூலாசிரியர் நம்பியது யாது என்பதை உள்ளவாறு அறிந்து, உள்ளவாறு உரைத்தார். சமயப் பொதுமை என்பது இதுவே.

நாம் என்னும் சொல்

இவ்வுண்மையைக் கொண்டு உரைநூலைத் தேர்வதற்கு ஓர் இலக்கணக் கருவி தமிழாசிரியர் கையில் உண்டு. தன்மைப் பன்மையில் 'நாம்' என்பது முன்னிலையாரையும் உளப்படுத்தும் சொல்; 'நாங்கள்' என்பது அவரை விலக்கும் சொல். உரையாசிரியர் 'நாம்' என்று எழுதும்போது படிக்கும் பிள்ளையையும் தம்மோடு சேர்த்துக் கொள்கிறார். அச்சேர்க்கை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதே கேள்வி.

நன்றி மறவாமை, பொய்யாமை, இன்சொல், ஈகை ஆகியன எல்லா வீட்டாருக்கும் பொதுவான அறங்கள். அவற்றைச் சொல்லுமிடத்து 'நாம் நன்றி மறவாதிருத்தல் வேண்டும்' என உளப்பாட்டுப் பன்மை வரலாம். எந்தப் பிள்ளையும் அதனுள் அடங்கும். வழிபாட்டைச் சொல்லுமிடத்து 'நாம் இக்கடவுளை வணங்க வேண்டும்' என்று உரை எழுதினால், அக்கடவுளை வணங்காத வீட்டுப் பிள்ளை அவ்வாக்கியத்திற்கு வெளியே நிற்கிறது. 'புலவர் தம் இறைவனை இவ்வாறு வணங்குகிறார்' எனப் படர்க்கையில் எழுதினால், பொருளில் ஓர் அணுவும் குறையாது; எந்தப் பிள்ளையும் வெளியே நிற்கவும் வேண்டுவதில்லை. இந்து வீட்டுப் பிள்ளைக்கும் அதனால் இழப்பில்லை; தன் வீட்டில் வணங்கும் கடவுளைப் புலவர் போற்றியவாறு கண்டு அது மகிழும்.

ஆகவே உரைநூலை வாங்குமுன் கடவுள் வாழ்த்துக்கு எழுதிய உரையை எடுத்துப் பார்த்து, அங்கு எழுவாய் எந்த இடத்தில் உள்ளது என்று நோக்குக. அறத்திற்குத் தன்மையும், வழிபாட்டிற்குப் படர்க்கையும் வரும் நூல் எல்லாருக்கும் பொதுநூல். இரண்டிற்கும் தன்மையே வருவது ஒரு சமயத்தார்க்கு உரிய நூல்; அச்சமயத்து வீடுகளில் அது நன்கு பயன்படும்; பலர் கூடிப் பயிலுமிடத்திற்கு ஏற்றதன்று. வழிபாட்டுப் பகுதியையே காட்டாத நூல் குறைநூல். அப்பகுதியைக் காட்டி எள்ளி நகையாடும் நூலோ, படர்க்கையில் எழுதியிருப்பினும் பொதுநூல் ஆகாது. அதுவும் ஒரு சார்புடையதே.

ஒரு குறளை வைத்து நூலைத் தேர்தல்

நூல் முழுவதையும் கடையில் நின்று படிக்க இயலாது. இரண்டு மூன்று இடங்களைப் பார்த்தாலே போதும். முதலாவதாகச் செய்ந்நன்றியறிதல் என்னும் 11ஆம் அதிகாரத்தைத் திருப்புக. வேண்டிய காலத்தில் செய்யப்பட்ட உதவி, அளவில் சிறிதாயினும் உலகத்தைவிடப் பெரிது என்னும் கருத்துடைய குறளுக்கு எழுதிய உரையைக் காண்க.

தாழ்ந்த தரத்து நூல், 'உதவி செய்தவரை மறக்கக் கூடாது' என்று ஒரு வரி எழுதி நின்றுவிடும். அஃது அதிகாரத்தின் பொருளேயன்றிக் குறளின் பொருள் அன்று. இடைத்தர நூல் சொற்பொருளைச் சரியாகத் தரும். குறளின் உயிர் 'காலம்' என்பதைச் சுட்டாது. நல்ல நூலோ, உதவியின் அளவை அறிவிப்பது பொருளா, காலமா என்று பிள்ளையை வினவும். பின்னர், பிள்ளை அறிந்த வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தரும்.

அவ்வெடுத்துக்காட்டை நூல் தராவிடில் பெற்றோரே தரலாம். தோட்டப்புறத்தார்க்கு அஃது அரிதன்று. பால்மரம் சீவுவோர் விடியுமுன் தொடங்குவர். குளிர்ந்த அந்நேரத்தில் பால் நன்றாக ஒழுகும். சில மணி நேரம் கழித்து மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றிச் சேர்ப்பர். அதற்குள் மழை பெய்தால் மரத்தில் வழியும் நீர் மங்கில் இறங்கிப் பாலைக் கெடுத்துவிடும். அன்றைய உழைப்பு வீண். கருமேகம் திரண்ட வேளையில் அடுத்த நிரைக்காரர் ஓடிவந்து அரைமணி நேரம் கைகொடுத்தால், அவ்வுதவியின் மதிப்பு அரைமணி நேரக் கூலியா, ஒரு நாள் கூலியா? மழை பெய்து முடிந்த பின் அவரே வந்து அரைநாள் உதவினாலும் அதற்கு முன்னதன் மதிப்பு உண்டா? பதினொரு வயதுப் பிள்ளை இதற்கு விடை சொல்லும்போது குறளின் பொருளைத் தானே கண்டுகொள்கிறது. பால்மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்ட இக்காலத்தில், இதனைச் சொல்லத் தாத்தாவும் பாட்டியும் வீட்டில் இருப்பார்களாயின், அவர்களைப் போன்ற உரையாசிரியர் வேறிலர்.

இரண்டாவதாக முதற்குறளைப் பார்க்க வேண்டும். எழுத்துகளுக்கு அகரம் முதலாதல் போல, உலகிற்கு இறைவன் முதல் என்பது அதன் பொருள். இங்கு நல்ல நூல் செய்வன மூன்று. அக்குறளில் அமைந்த எடுத்துக்காட்டு உவமையை விளக்கும். புலவர் எல்லாம் அறிந்த எழுத்தைக் கொண்டு, அறிதற்கரிய ஒன்றை விளக்கிய திறத்தைக் காட்டும். இறைவனைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல்லைப் பல சமயத்தாரும் தம் சமயத்திற்குரியதாகக் கொண்டனர் என்பதையும் சுருக்கமாகச் சொல்லும்.

திருக்குறளுக்கு உரையெழுதிய பழையோர் பதின்மர் என்பர். சமணர் எனப் பலர் கருதும் மணக்குடவரும், வைணவர் எனப்படும் பரிமேலழகரும் அவர்களுள் அடங்குவர். கிறித்தவத் துறவியான வீரமாமுனிவர் 1730இல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். கிறித்தவப் பாதிரியாரான ஜி. யு. போப் 1886இல் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். இத்தனை வீட்டாரும் தம்முடையது என்று கொண்டாடும் ஒரு நூலை, ஒரு வீட்டுக்கே உரியதாகச் சொல்லும் உரை குறளைச் சிறுமைப்படுத்துகிறது. இதனைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். சொன்னால் அது விளங்கிக்கொள்ளும்.

உலகநாதர் இயற்றிய உலகநீதியையும் இவ்வாறு காணலாம். அது பதின்மூன்று பாடல்களால் ஆனது. செய்யத்தகாதவற்றை விலக்கிச் சொல்லும் அடிகளை அடுத்து, முருகனை வாழ்த்துமாறு நெஞ்சுக்குச் சொல்லிப் பாடல் முடியும். பாடத்துக்காக நீதி அடிகளை மட்டும் எடுத்துத் தருவதில் பிழையில்லை. ஆனால் உரைநூல், 'இவை ஒரு பாடலின் பகுதி. பாடலின் இறுதியில் புலவர் முருகனை வாழ்த்துகிறார்' என்று ஒரு வரி சேர்த்தல் வேண்டும். முழுப் பாடலையும் பின்னர்க் காணும் பிள்ளை, தனக்கு ஏதோ மறைக்கப்பட்டது என்று எண்ணலாகாது.

மூன்றாவதாக, காலத்தால் மாறிய கருத்துகளை நூல் எவ்வாறு கையாள்கிறது என்று நோக்க வேண்டும். வாழ்க்கைத் துணைநலம், பெண்வழிச் சேறல் முதலிய அதிகாரங்களில் பெண்ணைப் பற்றிச் சொல்லப்படுவன சில, இன்று பெண்பிள்ளைகள் கற்கும் உலகத்தோடு அப்படியே பொருந்துவன அல்ல. அவற்றுக்கு உரை எழுதுவோர் சிலர் பழங்கருத்தை இன்றைய கட்டளையாக எழுதிவிடுகின்றனர். வேறு சிலர் பாட்டில் இல்லாத புதுக்கருத்தைப் புகுத்துகின்றனர். அக்காலத்து எண்ணம் இது, இக்காலத்து எண்ணம் இது என இரண்டையும் பிரித்துக் காட்டி, பிள்ளையைத் தன் கருத்தைச் சொல்லுமாறு கேட்கும் நூலே நேர்மையானது. கொடுப்போர், கொடாதோர் என்னும் இரு சாதிகளே உலகில் உண்டு என்று நல்வழி சொல்லும் பாட்டுக்கு உரை எவ்வாறு உள்ளது என்பதும் நல்ல சோதனை. அப்பாட்டைப் படித்த பிள்ளை, பிறப்பால் வரும் சாதியைப் பற்றி ஔவையார் என்ன நினைத்தார் என்று கேட்க நூல் இடம் தர வேண்டும்.

கடையில் கிடைக்கும் நூல்வகைகள்

இந்நாட்டுக் கடைகளில் பொதுவாகக் கிடைப்பவை நான்கு வகை. முதல் வகை, பள்ளிப் பாடத்திட்டத்தை ஒட்டிய பயிற்சி நூல்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, வெற்றிவேற்கை, உலகநீதி, திருக்குறள் ஆகியவற்றிலிருந்து எடுத்த பகுதிகளுக்கும், பழமொழி, மரபுத்தொடர், உவமைத்தொடர், இணைமொழி ஆகியவற்றுக்கும் இவை பயிற்சி தருவன. மீள்பார்வைக்கு உதவும், முதன்முதற் கற்பதற்குப் போதா.

இரண்டாம் வகை, தமிழ்நாட்டிலிருந்து வரும் எளிய உரைப் பதிப்புகள். மு. வரதராசனார் எழுதிய திருக்குறள் தெளிவுரை போன்றவை இவ்வகையின. பெற்றோர் கையில் இவை ஒன்றேனும் இருத்தல் நன்று. பத்து வயதுப் பிள்ளை தனித்துப் படிக்க இவை ஏற்றவை அல்ல. மிகப் பழைய பதிப்பாயின் எழுத்து வடிவையும் பார்க்க வேண்டும். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் அச்சான நூல்களில் லை, னை முதலிய எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். அவற்றைக் காணாத பிள்ளை படிக்கும்போதே இடறும்.

மூன்றாம் வகை, சமய நிறுவனங்கள் வெளியிடும் பதிப்புகள். இவற்றுள் சொற்பொருள் மிகச் சிறந்து விளங்கும் நூல்களும் உண்டு. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய பாலபாடங்களின் தெளிந்த உரைநடை இன்றும் ஆசிரியர்க்கு நல்லாசான். ஆயின் அவை சைவப் பிள்ளைகளைக் கருதியே எழுதப்பட்டவை. நூலின் நோக்கத்தை அறிந்து அதற்கேற்பப் பயன்கொள்வதே முறை.

நான்காம் வகை, தமிழ்நாடு, சிங்கப்பூர் முதலிய இடங்களின் பள்ளிப் பாடநூல்கள். படங்களும் செயல்முறைகளும் நிறைந்த இவை சிறாரைக் கவரும். ஆனால் அவற்றில் வரும் ஊரும் ஆறும் விழாவும் சட்டமும் வேறு நாட்டவை. பெற்றோர் இடையிடையே விளக்க வேண்டியிருக்கும்.

பாட்டுக்கு மட்டும் பணம் செலவிடத் தேவையில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் நிறுவனமும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் விலையின்றித் தருகின்றன. மூலநூல் கையில் எளிதில் கிடைத்தலால், வாங்கும் காசு நல்ல உரைக்கே போதல் வேண்டும்.

வயதுக்கேற்ற வரிசை

பத்து வயதில் பிள்ளைக்கு வேண்டுவன ஓசையும் கதையும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் மலரும் மாலையும், அழ. வள்ளியப்பாவின் மலரும் உள்ளம் ஆகியவை இவ்வயதுக்கு ஏற்றவை. பெரும்பாலும் பொருள் தானே விளங்குவதால் இங்கு உரைநூலின் வேலை குறைவு, அருஞ்சொற்பொருள் போதும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் மூதுரை, நல்வழி, திருக்குறள் ஆகியவற்றை உரையோடு பயிலலாம். இப்பருவத்திற்கு மிகப் பொருத்தமான ஒரு பயிற்சி உண்டு. ஔவையாரின் ஆத்திசூடி, பாரதியாரின் புதிய ஆத்திசூடி, பாரதிதாசனின் ஆத்திசூடி ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடச் செய்தலே அது. ஔவையார் கடவுள் வாழ்த்தோடு தொடங்குகிறார். பாரதியார், பல சமயத்தார் பல பெயரிட்டு வணங்கும் பரம்பொருள் ஒன்றே என வாழ்த்துகிறார். பாரதிதாசன் தம் காலத்துச் சமுதாய எண்ணங்களை அதே வடிவில் பாடுகிறார். ஒரே அகர வரிசையில் மூன்று காலங்கள், மூன்று நோக்குகள். எது உயர்ந்தது என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல், எவ்வாறு வேறுபடுகின்றன என்று மட்டும் கேட்டால், சமயப் பொதுமை என்னும் பாடம் அச்சொல்லைச் சொல்லாமலே நடந்துவிடும்.

பதின்மூன்று வயதில் இந்நாட்டு இலக்கியமும் சேர வேண்டும். முரசு நெடுமாறன் தொகுத்து 1997இல் வெளிவந்த மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தில் ஒரு நூற்றாண்டுக் கவிதைகள் உள்ளன. பெற்றோர் அவற்றுள் ஏற்றவற்றைத் தெரிந்தெடுத்துத் தரலாம். பால்மரத் தோட்ட வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட அகிலனின் பால்மரக் காட்டினிலே போன்ற புதினங்களின் சில பகுதிகளைப் பெரியவர் வாசிக்கப் பிள்ளைகள் கேட்கலாம். பின்னாளில் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தைப் பாடமாக எடுக்க எண்ணும் மாணவர்க்கு இஃது அடித்தளம் ஆகும்.

வீட்டில் கற்பிக்கும் முறை

நூல் நல்லதாயினும் முறை தவறினால் பயன் இல்லை. முதலிற் பாட்டு, பின்னர் உரை என்பதே வீட்டுப் பாடத்தின் முதல் விதி. உரைநூலை மூடி வைத்துவிட்டுப் பாட்டைச் சீர் பிரித்து இருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தெரிந்த சொற்களுக்குப் பிள்ளையே பொருள் சொல்லட்டும், தெரியாதவற்றை அடிக்கோடிடட்டும். அதன் பின் உரையைத் திறந்து அச்சொற்களை மட்டும் காண வேண்டும். பொழிப்பைப் பிள்ளை தன் சொல்லில் சொன்ன பின்னரே நூலின் பொழிப்போடு ஒப்பிடல் வேண்டும். இரண்டும் வேறுபட்டால், பிள்ளை சொன்னது தவறு என உடனே முடிவு கட்டாது, பாட்டின் எச்சொல் அவ்வாறு எண்ணச் செய்தது என்று கேட்க வேண்டும். வாரத்திற்கு ஒரு பாட்டு இவ்வாறு கற்பது, நாளுக்கு ஐந்து மனனம் செய்வதினும் மேலானது.

தமிழ் எழுத்து நன்கு அறியாத பெற்றோரும் இதனைச் செய்யலாம். பிள்ளை படிக்க, அவர்கள் கேட்டு வினவினால் போதும். இந்நாட்டில் பள்ளிக்கு வெளியே தமிழ் இலக்கியம் பயில்வது புதிதன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்கச் சொன்னபோதும், அப்பள்ளிகளில் கிடைத்த கல்வி பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றது. அதற்கு மேலும் கற்க விரும்பியோர் செய்தித்தாள்களையும் படிப்பகங்களையும் துணைக்கொண்டனர். 1950, 1951ஆம் ஆண்டுகளில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, அதே பத்தாண்டில் தமிழ் முரசில் கோ. சாரங்கபாணி வளர்த்த மாணவர் மணிமன்றம் ஆகியவற்றால் இலக்கியத்திற்கு வந்தோர் பலர். அவர்கள் கையில் விலை உயர்ந்த நூல்கள் இல்லை. கேட்கவும் திருத்தவும் ஒருவர் இருந்தார்.

பத்தாங் காலியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள தமிழாசிரியர்கள் இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. எந்த நூலை வாங்குவது என்று பெற்றோர் கேட்கும்போது, நூலின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாமல், அதனைத் திறந்து இரண்டு இடங்களைக் காட்டித் தேரும் முறையைக் கற்பித்தல் வேண்டும். நன்னூல் சொன்ன ஐந்து உறுப்புகள் உள்ளனவா? 'நாம்' என்னும் சொல் எல்லாப் பிள்ளைகளையும் உளப்படுத்துகிறதா? இவ்விரு வினாக்களுக்கும் ஆம் என்று விடை தரும் நூல் விலை குறைந்ததாயினும் வாங்கத்தக்கது. ஒரு பிள்ளை, 'இஃது என் வீட்டுப் பாட்டன்று' என எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுமாயின் தமிழ் ஒரு வாசகரை இழக்கிறது. அவ்விழப்பைத் தடுப்பது பெரும்பாலும் உரையாசிரியர் ஆளும் ஒரு சொல்லில் அடங்கியுள்ளது.